கண்ணாடித் தொட்டியில் வெள்ளை முருகைக்கல்

கடல்நீர் மீன்தொட்டி ஒன்றை முதன்முதலாக அமைக்க முற்படுபவர், மீன்களை வாங்குமுன்பே பெரும்பாலும் தேடிப்பெறுவது ஒரு வெள்ளை முருகைக்கல்லையே ஆகும். மான்கொம்பு போலக் கிளைத்தோ, மூளையைப் போல மடிந்தோ, தட்டுப் போல விரிந்தோ காணப்படும் அக்கல்லைத் தொட்டியின் நடுவில் நிறுத்தி, பின்புறத்தே நீலத்தாள் ஒட்டி, மேலே ஒரு விளக்கையும் ஏற்றிவிட்டால் கடலையே வீட்டுக்குள் கொணர்ந்துவிட்டதாக அவர் மகிழ்கின்றார். அம்மகிழ்ச்சியைக் குறைகூற வேண்டியதில்லை. ஆயின் அவர் பெற்ற பொருள் யாது? கல்லா, செடியா, விலங்கா? எங்கே வளர்ந்தது? எவ்வாறு இறந்தது? ஏன் வெண்மையாயிற்று? முதல் வினாவுக்கு விடைகாண அறிஞர்க்கு இரண்டாயிரம் ஆண்டுகள் சென்றன. இறுதி வினாவின் விடையை இலங்கைக் கரையோரத்தார் பலர் 1998 ஆம் ஆண்டிலே, தம் கண்ணெதிரே ஒரு பெருங்கேடு நிகழ்ந்தபோதுதான் அறிந்தனர்.

பெயரிலிருந்தே தொடங்கலாம். தமிழில் பவளம் என்றதும் செந்நிறம் நினைவுக்கு வரும். துகிர் என்றும் வழங்கப்பெற்ற அச்செம்பவளம் மத்தியதரைக் கடலில் விளைந்து, வணிகர் வழியாகக் கீழ்த்திசை நாடுகளை அடைந்த அணிகலப் பொருள். நவமணிகளுள் உயிரினத்தால் ஆக்கப்படுவன முத்தும் பவளமும் ஆகிய இரண்டே. ஈழத்துத் தமிழர் முருகைக்கல் என்று வழங்குவது வேறு. அது வெப்பக் கடல்களின் ஆழங்குறைந்த நீரிலே பார் பாராக வளர்வது. அதைக் கழுத்தில் அணிந்தாரில்லை. சுவரிலே வைத்துக் கட்டினர், சூளையிலே இட்டுச் சுட்டனர். செம்பவளத்துக்கும் முருகைக்கும் உறவு உண்டெனினும் அது தூரத்து உறவே. செம்பவளத்தை ஆக்கும் சிற்றுயிருக்கு எட்டுக் கைகள். பார்களைக் கட்டும் கல் முருகையின் உயிருக்கோ ஆறு, பன்னிரண்டு என ஆறின் மடங்கில் கைகள் அமைந்திருக்கும்.

பண்டைக் கிரேக்க அறிஞரான தியோபிராசுத்தசு, கற்களைப் பற்றித் தாம் எழுதிய நூலிலே பவளத்தையும் சேர்த்து, கடலில் வளரும் கல் என்றார். உரோமப் புலவர் ஒவிட்டு, மெதூசா என்னும் அரக்கியின் தலையைத் தீண்டிய கடற்பூண்டுகள் கல்லாகிய கதையைப் பாடினார். நீருள் மென்மையாயிருக்கும் ஒரு செடி, காற்றுப் பட்டதும் இறுகிக் கல்லாகின்றது என்னும் நம்பிக்கை அக்காலம் தொட்டு நெடுங்காலம் நிலைத்தது. கிளைகள் இருந்தமையால் அதைச் செடி என்றதில் வியப்பில்லை. ஒல்லாந்தர் ஆட்சியிலிருந்த அம்போன் தீவிலே வாழ்ந்து, கண்பார்வை இழந்த பின்னரும் ஆராய்ச்சியைக் கைவிடாத உரும்பியசு என்னும் பேரறிஞரும், 1702 இல் அவர் இறந்து பல்லாண்டுகள் கழித்து அச்சேறிய தமது மூலிகை நூலின் இறுதிப் பகுதியிலேயே முருகைகளுக்கு இடம் வகுத்திருந்தார்.

இவ்வரலாற்றில் திருப்பம் நேர்ந்தது ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் என்பது, தொட்டி வளர்ப்போர் அறிந்து மகிழத்தக்க செய்தி. இத்தாலியரான மார்சீலிப் பிரபு ஒசுத்திரியப் படையிலே தளபதியாய் இருந்தவர். கோட்டை ஒன்றைப் பகைவரிடம் ஒப்படைத்த பழியினால் பதவியும் மதிப்பும் இழந்து, பிரான்சின் தென்கரையில் மார்செயில் நகருக்கு அண்மையிலுள்ள ஊரொன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். போர்க்களத்தில் இழந்ததைக் கடற்கரையிலே தேடினார் போலும். 1706 ஆம் ஆண்டில், மீனவர் எடுத்த செம்பவளக் கிளைகளைக் கடல்நீர் நிறைந்த பாத்திரத்தில் இட்டு வைத்து நோக்கியபோது, கிளையெங்கும் எட்டு இதழ்கொண்ட வெள்ளைப் பூக்கள் மலர்ந்திருக்கக் கண்டார். நீரைவிட்டு எடுத்தால் அவை குவிந்தன. மீண்டும் நீரில் இட்டால் விரிந்தன. பவளம் செடியே என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ என்று அறிஞர் உலகம் அவரைப் பாராட்டிற்று. அவர் கண்டது முற்றும் உண்மை; கொண்ட முடிவுதான் தவறு.

அதே மார்செயிலைச் சேர்ந்த இளம் மருத்துவர் பெய்சோனல் என்பவர், 1720களில் பவளம் எடுக்கும் படகுகளில் தாமே சென்றும், வட ஆபிரிக்கக் கரையிலே தங்கியும் அந்தப் பூக்களை ஆராய்ந்தார். தொட்டால் சுருங்குவதும், அமைதியான நீரில் விரிவதும் பூவின் இயல்பல்ல, கடற்சாமந்தி எனப்படும் விலங்கின் இயல்பே எனத் துணிந்தார். நீரிலிருந்து எடுத்த பவளம் அழுகும்போது எழுந்த நாற்றம் செடி அழுகும் நாற்றமாக இல்லை. இறந்த மீனின் நாற்றமாக இருந்தது. எனவே பவளக்கிளை என்பது செடியன்று, எண்ணிறந்த சிறு விலங்குகள் கூடிக் கட்டிய வீடு என்று பாரிசு நகர அறிவியற் கழகத்துக்கு எழுதினார்.

கழகத்தின் தலையாய அறிஞர் இறோமூர் இதை ஏற்கவில்லை. 1727 இல் கழகத்தாரின் முன் பவளத்தைப் பற்றிப் பேசியபோது, பெய்சோனலின் கருத்தை எடுத்துக்கூறினாராயினும் அவர் பெயரைக் கூறாது விட்டார். இத்தகைய பித்துக்கொள்ளிக் கருத்துக்கு உரியவர் என்ற இகழ்ச்சி ஓர் இளைஞனுக்கு வரலாகாதென்ற பரிவே காரணமாம். பரிவு எத்துணை கொடிதாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொள்ளலாம். பெய்சோனல் அரச மருத்துவராகக் குவாதலூப்பு என்னும் தொலைதூரத் தீவுக்குச் சென்றுவிட்டார். 1740களின் தொடக்கத்தில், நன்னீரில் வாழும் ஐதரா என்னும் சிற்றுயிரைத் திரெம்பிளே என்பவர் ஆராய்ந்து, துண்டுபடுத்தினாலும் முழுவுயிராக வளரும் அப்பொருள் விலங்கே என்று காட்டினார். அதன் பின்னரே கற்றோர் கண்கள் திறந்தன. தாவரநூல் வல்லுநரான யூசியூ நோர்மண்டிக் கடற்கரைக்குச் சென்று நேரிற் கண்டுவந்து பெய்சோனல் கூறியது மெய்யெனச் சான்று பகர்ந்தார். இறோமூரும் 1742 இல் வெளியிட்ட நூலின் முன்னுரையில் தம் பிழையை ஒப்புக்கொண்டு, மறைத்த பெயரை வெளிப்படுத்தினார். அது பெருந்தன்மையே. எனினும் இடையில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. பெய்சோனல் தம் நீண்ட கையெழுத்துப் பிரதியை இலண்டன் அரச கழகத்துக்கு அனுப்ப, அதன் சுருக்கம் 1750களின் தொடக்கத்தில் அங்கே அச்சாயிற்று. 1759 இல் அவர் அத்தீவிலேயே காலமானார்.

விலங்கென்று தெளிந்தபின் இன்னொரு நிலைமை உண்டாயிற்று. உயிருள்ள முருகையைக் கப்பலேற்றி இலண்டனுக்கோ பாரிசுக்கோ கொண்டுசெல்ல இயலாது. மென்றசை அழுகிப்போகும், எஞ்சி வருவது எலும்புக்கூடே. ஆகையால் முருகைகளைப் பெயரிட்டு வகுத்த அறிஞர் பலரும் எலும்புக்கூட்டைக் கொண்டே வகுத்தனர். இலினேயசு 1758 இல் தந்த பெயர்கள் சில இன்றும் வழங்குகின்றன. எலிசு, சொலாந்தர் என்னும் இருவரின் பெயரால் 1786 இல் வெளிவந்த நூலின் அழகிய படங்களும் வெண்ணிற எலும்புக்கூடுகளின் படங்களே. நூதனசாலைப் பேழைகளில் வெளுத்து வைக்கப்பட்டவையும் அவையே. இவ்வாறு, முருகை என்றால் வெள்ளை என்னும் எண்ணம் நூலிலிருந்தும் பேழையிலிருந்தும் மக்கள் மனத்திற் குடியேறிற்று.

எனினும் எலும்புக்கூட்டைப் பார்த்து இனமறியும் அக்கலை மதிப்புக்குரியது; ஒரு கைவில்லை இருந்தால் தொடக்கநிலையாளரும் அதனைப் பயிலலாம். முதலில் நோக்க வேண்டியது கல்லின் முழு வடிவத்தையன்று, அதன் மேலுள்ள சிறு கிண்ணங்களை. ஒவ்வொரு கிண்ணமும் பொலிப்பு எனப்படும் ஒரு சிற்றுயிர் அமர்ந்திருந்த இருக்கை. கிண்ணத்தின் சுவரிலிருந்து நடுவை நோக்கி மெல்லிய தகடுகள் ஓடும். கிளைமுருகையில், ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பெரிய கிண்ணம் ஒன்று தனித்து நின்று, பக்கங்களிற் சிறியவை சூழ்ந்திருந்தால் அது அக்குரோப்போரா. மான்கொம்பு என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் இதுவே. நுனிக் கிண்ணம் இல்லாமல் கிளையெங்கும் பரு எழுந்தாற்போன்று காணப்படின் அது பொசிலோப்போரா. உருண்டைக் கல்லாய், கிண்ணங்கள் ஒரு மில்லிமீற்றர் அளவே உடையனவாய், தொலைவிலிருந்து நோக்க வழவழப்பாகத் தோன்றுவது போரைற்றிசு. கிண்ணங்கள் ஒன்றோடொன்று இணைந்து வளைந்து நெளியும் பள்ளத்தாக்குகளாய் அமைந்தால் மூளைமுருகை.

தனித்து ஒரே வட்டமாய், நடுவிலிருந்து விளிம்புவரை தகடுகள் செறிந்திருக்கும் காளான்முருகையில், அவ்வட்டம் முழுவதும் ஒரே உயிரின் வீடாகும். இளமையில் காம்பினாற் பாறையிற் பற்றியிருந்து, வளர்ந்தபின் கழன்று மணல்மேற் கிடப்பது அதன் வழக்கம். இன்னும் மூன்று வகைகள் தொடக்கநிலையாளரை மயக்குவன. செந்நிறக் குழாய்கள் அடுக்கடுக்காய் நிற்கும் குழாய்முருகையும், உடைத்தால் உள்ளே நீலநிறம் தெரியும் நீலமுருகையும் செம்பவளத்தின் கிளையைச் சேர்ந்த எட்டுக்கை உயிர்களின் ஆக்கம். ஊசித்துளைகள் மட்டுமே கொண்டு, தகடுள்ள கிண்ணம் எதுவும் இல்லாதது நெருப்புமுருகை. உயிரோடிருக்கும்போது தோலிற் பட்டால் எரிவெடுக்கும். அது ஐதராவின் சுற்றம். குழாய்முருகையின் செம்மையும் நீலமுருகையின் நீலமும் எலும்புக்கூட்டிலேயே ஊறியவை, வெளுப்பினாற் போவதில்லை. இவையன்றி இளஞ்சிவப்பும் பச்சையுமாக விற்கப்படும் கற்கள் சாயம் பூசப்பட்டவையெனக் கொள்ளலாம். அவற்றைத் தொட்டியில் இடுதல் நன்றன்று. செயற்கைக் கல்லோ என ஐயம் எழுந்தால் ஒரு துளி வினாகிரி போதும். மெய்யான முருகை கல்சியங் காபனேற்றால் ஆனதாகலின் நுரைக்கும். பிளாத்திக்கு நுரைக்காது.

எலும்புக்கூட்டின் வரலாறு இவ்வாறிருக்க, தொட்டியின் வரலாறு பிந்தியது. 1853 இல் இலண்டன் விலங்கியற் பூங்காவிலே பொதுமக்கள் பார்வைக்கென மீன்காட்சியகம் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு கோசு என்பவர் எழுதிய நூல் இங்கிலாந்தின் நடுத்தரக் குடும்பங்களிடையே கடல்நீர்த் தொட்டி மோகத்தையே மூட்டிவிட்டது. கோசு ஆங்கிலக் கரையிலே கிடைக்கும் கிண்ணமுருகை ஒன்றை உயிரோடு வைத்துப் பேணி மகிழ்ந்தவர். அவருடைய நூலைப் படித்தவர்களோ கூடையும் உளியும் கொண்டு கடற்கரைக்குப் படையெடுத்தனர். பாறைக் குட்டைகள் வெறுமையாயின. தந்தையின் எழுத்தினால் விளைந்த அந்த அழிவை அவர் மகன் எட்மண்டு கோசு 1907 இல் வெளியிட்ட நினைவு நூலில் வருத்தத்தோடு குறித்துள்ளார். கடலை விரும்பியவர்களே கடலைச் சூறையாடிய கதை அன்றே தொடங்கிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வெப்பக் கடல் மீன்களைத் தொட்டியில் வளர்க்கும் வழக்கம் பரவியபோது, உயிர்முருகையை வளர்க்கப் பெரும்பாலோருக்கு இயலவில்லை. வெள்ளை எலும்புக்கூடே அலங்காரமாயிற்று. அதைப் பேணும் முறையும் அப்போதே உருவாயிற்று. அம்முறையின் பெரும்பகுதி இன்றும் பொருந்தும். புதிதாக வந்த கல்லை முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். பெய்சோனல் உணர்ந்த அதே மீன்நாற்றம் இருக்குமாயின், கிண்ணங்களுக்குள் தசை எஞ்சியிருக்கின்றது. அப்படியே தொட்டியிலிட்டால் தசை அழுகி, அமோனியா பெருகி, மீன்கள் மடியும். நன்னீரிற் பலநாள் ஊறவைத்து நாள்தோறும் நீர் மாற்றி, பின்னர் குளோரீன் வெளிற்றுநீரை நீர்விட்டுக் கலந்து அதில் ஊறவைப்பர். வெளிற்றுநீரோடு வினாகிரியையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கலாகாது. நச்சு வாயு எழும். ஊறியபின் கழுவி, வெயிலிற் பல நாள் உலர்த்தி, குளோரீன் மணம் முற்றாக அகன்ற பின்னரே தொட்டியிலிட வேண்டும். ஐயமிருந்தால், புகைப்படக்காரர் பயன்படுத்திய ஐப்போ என்னும் சோடியம் தயோசல்பேற்றைச் சிறிது கரைத்த நீரில் ஊறவைத்து மீண்டும் கழுவலாம். பாரமான கல்லை மணலின்மேல் வையாது, தொட்டியின் அடித்தளத்தில் நிலையாக நிறுத்தி, அதன்பின் மணலைப் பரப்புதல் நன்று. மணலைக் கிளறும் மீன்கள் கல்லின் அடியைத் தோண்டிச் சாய்த்துவிடுதல் உண்டு.

இத்தனையும் செய்து நிறுத்திய வெள்ளைக் கல் சில வாரங்களிலேயே பழுப்பாகும், பின்னர் பச்சையாகும். அல்காக்கள் படர்வதே காரணம். அந்நாளைய வளர்ப்போர் இதைத் தோல்வியெனக் கருதி, கல்லை எடுத்து, தேய்த்து, மீண்டும் வெளுத்து வைத்தனர். இவ்வாறு ஓயாது வெளுத்ததனால் நேர்ந்த தீங்கை அவர்கள் உணரவில்லை. மீன் கழிக்கும் அமோனியாவை நைத்திரைற்றாகவும் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்களை வினோகிராட்சுகி என்னும் உருசிய அறிஞர் 1890 அளவிலேயே கண்டறிந்திருந்தார். நுண்துளை மிகுந்த முருகைக்கல் அப்பற்றீரியாக்களுக்கு ஏற்ற குடியிருப்பு. கல்லை வெளுக்குந்தோறும் அக்குடி அழிந்து, மீன்கள் நஞ்சுண்ண நேர்ந்தது. பச்சை படர்ந்த கல்லே தொட்டிக்கு நலம் தரும் கல். தூரிகையால் மெல்லத் தேய்த்துத் தொட்டி நீரிலேயே அலசுவது போதுமானது. வெளுக்கவே வேண்டுமெனில் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெளுக்கலாகாது. கல் தானே கரைந்து நீரின் காரத்தன்மையைக் காக்கும் என்று சிலர் நம்புவதும் மிகையே. நீர் மீனுக்கு ஒவ்வாத அளவு கெட்ட பின்னரே அது குறிப்பிடத்தக்க அளவிற் கரையும். நீரைக் காலந்தோறும் மாற்றுவதற்கு அது ஈடாகாது.

வெள்ளைக் கல்லின் ஆட்சியை அசைத்தவர் இந்தோனேசியாவிலே யாக்கார்த்தாவில் வாழ்ந்த இலீ சின் எங்கு என்பவர். கடலிலிருந்து உயிர்கள் ஒட்டிய கற்களையும் உயிர்முருகைகளையும் அப்படியே எடுத்துத் தொட்டியிலிட்டு, காற்றுக்குமிழி மட்டும் செலுத்தி அவற்றை வாழவைத்தார். அம்முறையை 1961 இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழில் விளக்கி எழுதினார். பலர் நம்பவில்லை. இன்று உலகெங்கும் முருகைத் தொட்டிகள் உயிர்க்கற்களைக் கொண்டே அமைக்கப்படுகின்றன.

முருகையின் உண்மையான நிறத்தை நூதனசாலைக்கு வெளியே காண விரும்பியவர்க்கு இலங்கைக் கடல் ஒரு பள்ளிக்கூடமாய் இருந்தது. 1860களில் இங்கு வந்த ஒசுத்திரியரான இறான்சொனே என்னும் பிரபு, நீர்மூழ்கும் மணிக்கூண்டு ஒன்றினுள் அமர்ந்து கடலடிக்குச் சென்று, அங்கிருந்தவாறே முருகைத் தோட்டங்களைச் சித்திரமாகத் தீட்டினார். 1881 இன் இறுதியில் வந்த சேர்மானியப் பேரறிஞர் எக்கல், காலிக் கடலின் முருகைகளைக் கண்டு வியந்து, செங்கடலில் மஞ்சளும் செம்மையும் மிகுந்திருக்க இங்கே பச்சையே மேலோங்கி நிற்கின்றதென எழுதினார். வெள்ளை என்று அவ்விருவரும் கூறவில்லை.

அந்நிறங்களுக்குக் காரணமான இரகசியமும் ஏறத்தாழ அக்காலத்திலேயே வெளிப்பட்டது. முருகை போன்ற கடலுயிர்களின் தசைக்குள் மஞ்சட்பழுப்பான அல்காக்கள் வாழ்வதைக் கண்டு 1881 இல் பிராண்டு என்பவர் அவற்றுக்குச் சூசாந்தெல்லா எனப் பெயரிட்டார். அவை சூரிய ஒளியால் உணவு சமைத்து முருகைக்கு ஊட்டுகின்றன. முருகை அவற்றுக்கு உறைவிடம் தருகின்றது. 1928–29 இல் அவுஸ்திரேலியாவின் பெரும் முருகைப் பாரில் யோங்கு தலைமையில் ஆராய்ந்த குழுவினர், வெப்பம் மிகும்போது முருகை தன் அல்காக்களை வெளியேற்றுவதைக் கண்டு எழுதினர். அல்கா போனால் நிறம் போகும். கண்ணாடி போன்ற தசையினூடே வெள்ளை எலும்பு தெரியும். அந்நிலையில் முருகை இன்னும் இறந்துவிடவில்லை. பட்டினி கிடக்கின்றது. சில வாரங்களுக்குள் நீர் குளிர்ந்தால் பிழைக்கும், இல்லையேல் மடியும்.

1998 ஆம் ஆண்டு ஏப்பிரல், மே மாதங்களில் இந்து சமுத்திரம் வழக்கத்துக்கு மாறாக வெதும்பியபோது இலங்கையில் நிகழ்ந்தது இதுவே. ஹிக்கடுவையிலும் கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பார்களிலும் ஏக்கர் ஏக்கராக முருகைகள் வெளுத்தன. மிகப் பெரும்பகுதி மடிந்தது. திருகோணமலைக் கடலில் புறாத்தீவைச் சூழ்ந்த பார் அவ்வாண்டு பெருஞ்சேதமின்றித் தப்பியது. வெளுத்த பாரைக் கண்ட பயணிகள் சிலர் அதன் வெண்மையை அழகென்றே எண்ணியிருத்தல் கூடும். கடையிலும் பேழையிலும் தொட்டியிலும் அவர்கள் கண்டு பழகிய முருகையின் நிறம் அதுவன்றோ? நூற்றைம்பது ஆண்டுகளாக வெள்ளை எலும்புக்கூட்டை அழகின் சின்னமாகக் காட்டிவந்ததன் பலன், நோயின் நிறத்தையே நலத்தின் நிறமாகக் கொண்டமை. 2016 இலும் இலங்கைப் பார்கள் வெளுத்தன. 2024 இல் உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு நிகழ்வதாக அறிஞர் அறிவித்தனர்.

வெப்பம் வருமுன்பே மனிதர் கை பட்டிருந்தது. நெடுந்தீவில் முருகைக்கல் அடுக்கிய வேலிகள் இன்றும் நிற்கின்றன. கரையோரத்துப் பழங்கட்டடங்கள் பலவற்றில் முருகைக்கல்லும் முருகைச் சுண்ணாம்பும் உள்ளன. அவை மிகப்பெரும்பாலும் கரையிற் கிடைத்தவற்றைக் கொண்டு சிற்றளவிற் செய்தவை. தென்மேற்குக் கரையின் சூளைகளோ வேறு அளவின. 1980களின் நடுவில், அம்பலாங்கொடைக்கும் திக்குவல்லைக்கும் இடைப்பட்ட கரையில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 18,000 தொன் முருகை சுண்ணாம்புத் தொழிலுக்குச் சென்றதாக ஓர் அரசாங்கக் கணக்கெடுப்புக் கூறிற்று. அதிற் பெரும்பகுதி உள்நிலத்திற் புதைந்த பழங்கல். ஒரு பகுதியோ கடலிலிருந்து உயிரோடு பெயர்த்தது. 1988 இல் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, கரையோர வலயத்தில் முருகை அகழ்தலும் சுடுதலும் தடைசெய்யப்பட்டன. சூளையை நம்பி வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு அது எளிய செய்தியன்று. ஆகவே தடை வந்த பின்னரும் அகழ்வு உடனே நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின் ஆராய்ந்தவர்கள், முருகை அகழப்பட்ட கரைகளில் அலை மிகுந்த உயரத்தோடு உட்புகுந்ததைக் கண்டனர்.

இவ்விடத்தில் தொட்டிக்காரர் அறியவேண்டிய ஓர் உண்மை உண்டு. கடலில் தானாக மடிந்த முருகை வெள்ளையாக இருப்பதில்லை. சில நாட்களிலேயே அல்கா படர்ந்து, புழுவும் கடற்பஞ்சும் துளையிட்டு, அலை மோதி நுனிகள் மழுங்கிப்போகும். கரையில் ஒதுங்குவன இவ்வாறு தேய்ந்த துண்டுகளே. ஆகவே, நுனி ஒடியாது, கிண்ணங்களின் விளிம்பு கூர்மையாக, தூய வெண்மையாகக் கடைத்தட்டில் நிற்கும் கிளைமுருகை பெரும்பாலும் உயிரோடு ஒடித்து எடுத்து வெளுத்த ஒன்றாகும். போரைற்றிசு ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றரே தடிப்பதாகலின், தேங்காயளவான ஓர் உருண்டை பல ஆண்டுகளின் வளர்ச்சி. அனைத்துலக வணிக உடன்படிக்கை 1990 முதல் கல் முருகைகள் யாவற்றின் ஏற்றுமதி இறக்குமதிக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமென விதித்துள்ளது. உயிரற்ற எலும்புக்கூடும் அவ்விதிக்கு உட்பட்டதே. புதிதாகத் தொட்டி அமைப்பவருக்கு இன்று சுட்ட மண்ணாலும் சீமெந்தாலும் வார்த்த கற்கள் கிடைக்கின்றன. பற்றீரியா அவற்றிலும் குடியேறும், மீனும் அவற்றினிடையே ஒளியும்.

வீட்டிலே முன்னோர் காலத்து முருகைக்கல் இருக்குமாயின் அதை எறியவேண்டியதில்லை. மேற்சொன்னவாறு தூய்மை செய்து பேணலாம். ஆயின் தொட்டியில் இடுமுன் ஒன்று செய்தல் நன்று. 1972 இல் மார்சல் தீவுகளின் எனிவெற்றொக்கு என்னுமிடத்து முருகைகளை அறிஞர் மூவர் அறுத்து ஊடுகதிர்ப் படமெடுத்தபோது, மரத்தின் வளையங்கள் போன்று ஆண்டுக்கொரு வரி அவற்றினுள்ளே இருப்பதை நிறுவினர். அங்கே வெடித்துச் சோதித்த அணுக்குண்டுகளின் கதிரியக்க எச்சமே ஆண்டுகளை உறுதிசெய்ய உதவிற்று. எந்தக் கடலில், எந்த ஆண்டில் எடுக்கப்பட்டது எனத் தெரிந்த கல்லிலிருந்து அக்கடலின் பழைய வெப்பநிலையையும் ஆராய்வோர் கணிக்கின்றனர். குறிப்பில்லாத கல் அதற்கு உதவாது. ஆதலால், அக்கல்லைக் கொணர்ந்தவரை அறிந்த முதியோர் வீட்டில் உள்ளபோதே, இடமும் ஆண்டும் கேட்டறிந்து ஒரு சீட்டில் எழுதி, கல்லோடு வைத்துக்கொள்ள வேண்டும்.